பலகைக்கு அந்தப் பக்கம்

அந்தக் கட்டடத்தில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். வைத்தது யார் என்று யாருக்கும் ஞாபகமில்லை. வைத்தவர் பொருத்தமாகத்தான் வைத்தார். காலையில் பால் வாங்கக் கதவைத் திறக்கும்போது ஆரம்பித்தால் விளக்கை அணைக்கும்வரை நிகழ்ச்சி நடக்கும். செய்தி உண்டு, வானிலை உண்டு, மாடிப்படியில் யார் யாரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்கிற விவரம் உண்டு, நடுநடுவே கணவரைப் பற்றிய விளம்பரமும் உண்டு. விளம்பரம் என்றதும் புகழ்ச்சி என்று நினைத்துவிட வேண்டாம்.

கணவர் கரையான்காரர். வீடுகளில் கரையானுக்கும் மரத்தைக் குடையும் வண்டுக்கும் மருந்து வைப்பது அவர் தொழில். தொழிலில் கெட்டி, பேச்சில் கஞ்சன். வாடிக்கையாளர் வீட்டுக் கதவு நிலையைத் தட்டிப் பார்த்து "இருக்கு" என்பார், இல்லாவிட்டால் "இல்ல" என்பார். இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு எந்தத் தொழில் நடக்கும்? அவருடையது நடந்தது, ரேடியோவால். போன் அவளிடம் இருந்தது. கதவைத் திறந்தால் கீல் கையோடு வந்துவிட்டது என்று பதறி அழைப்பவர்களுக்கு அவள்தான் ஆறுதல் சொல்லி உட்காரவைப்பாள். கரையானில் காவல்காரப் பூச்சி என்று ஓர் இனம் உண்டு, ஆபத்து என்றால் அது தலையை மரத்தில் முட்டி முட்டி அதிரவைக்கும், அந்த அதிர்வு காலில் பட்டதும் மற்றதெல்லாம் தின்பதை விட்டுவிட்டு உள்ளே ஓடிவிடும் என்று விளக்குவாள். பூச்சிக்குக் காது காலில் இருக்கிறது, எங்கள் வீட்டுக்காரருக்கு அங்கேயும் இல்லை என்றும் சேர்த்துக்கொள்வாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். சிரித்தவர்கள் வேறு ஆளைத் தேடிப் போவதில்லை.

இதெல்லாம் அவரிடமே கற்றதுதான். கல்யாணமான புதிதில் ஒருநாள் வேலை நடக்கும் வீட்டுக்கு அவளையும் கூட்டிப்போனார். டாக்டர்கள் வைத்திருக்கும் ஸ்டெதஸ்கோப்பை அவள் காதில் மாட்டி, மறுமுனையை நிலையில் வைத்து, பக்கத்தில் விரலால் தட்டினார். முறத்தில் கடுகு கொட்டுகிற மாதிரி உள்ளேயிருந்து சடசடவென்று ஒரு சத்தம் வந்தது. அவள் பயந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு அவர் பேசினார் பாருங்கள், அப்படி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கரையான் தட்டினால் ஓடு என்று அர்த்தம், வண்டு தட்டினால் வா என்று அர்த்தம் என்றார். ஆண் வண்டு நெற்றியால் மரத்தைத் தட்டும், விடுவிடுவென்று ஒரு கொத்து. தட்டிவிட்டுக் காத்திருக்கும். எங்கோ இருக்கும் பெண் வண்டு பதிலுக்குத் தட்டினால் அந்தத் திசையில் கொஞ்சம் நடக்கும், மறுபடி தட்டும். பதில் வராவிட்டால் நடையைக் கட்டிவிடும். மனிதன் தட்டினாலும் ஏமாந்து பதில் சொல்லும். அது இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதே அப்படித்தான். ஆனால் மரம் பலமாக அதிர்ந்துவிட்டால் கப்சிப். துளை போடும் மெஷினை ஒருமுறை வைத்துவிட்டால் அப்புறம் தலைகீழாக நின்றாலும் பதில் கிடைக்காது. அதனால் முதலில் காது, பிறகுதான் மெஷின் என்றார்.

"பதில் வந்தாத்தான் அடுத்த அடி வைக்குதாம். பூச்சிக்கு இருக்கிற மரியாதையப் பாருங்க," என்று அவள் பிற்காலத்தில் குத்திக்காட்டுவாள். அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

பிறகு அவள் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. தைராய்டு, சின்ன ஆபரேஷன், பயமில்லை என்றார்கள். கட்டி போயிற்று, கூடவே குரலும் போயிற்று. குரலுக்குப் போகும் நரம்பில் ஏதோ பட்டுவிட்டது, போகப் போகச் சரியாகலாம் என்றார் டாக்டர். போகப் போக அவர்தான் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். இப்போது அவள் பேசினால் சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற சத்தம் வரும். பக்கத்தில் உட்கார்ந்து உதட்டையும் பார்த்துக்கொண்டு கேட்டால் புரியும். அப்படி உட்கார யாருக்கு நேரம்? ரேடியோ என்ற பெயரை மட்டும் கட்டடத்தில் யாரும் மாற்றவில்லை. மாற்றியிருக்கலாம் என்று மாடிப்படி ஏறும்போதெல்லாம் அவள் நினைப்பாள்.

விதி அதோடு விட்டதா? கணவருக்குக் காது போய்க்கொண்டிருந்தது. காலமெல்லாம் கான்கிரீட் தரையில் மெஷின் வைத்துத் துளைத்தவர், காதில் ஒரு பஞ்சுகூட வைத்ததில்லை. கதவு மோதினால் கேட்கும், லாரி போனால் கேட்கும், மரத்தைத் தட்டினால் நன்றாகவே கேட்கும். கீச்சென்ற சத்தங்களும் மெல்லிய சத்தங்களும்தான் ஒவ்வொன்றாகப் போயின. குக்கர் விசில் போயிற்று, போன் மணி போயிற்று, அந்த வரிசையில் அவளும் போனாள். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். இங்கே ஊதுவதற்குச் சங்கும் இல்லை.

முதலில் கொஞ்ச நாள் முயன்றார்கள். அவள் உதட்டை அசைப்பாள், அவர் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார், இரண்டு தடவை "என்ன?" என்பார், மூன்றாவது தடவை "சரி, அப்புறம் சொல்லு" என்பார். அந்த அப்புறம் எந்த ஊரில் தங்கிவிட்டதோ, வந்து சேரவே இல்லை. வாடிக்கையாளர்களோடு பேசுவது அவருடைய தொழில் கூட்டாளியின் வேலையாயிற்று. வேறு ஊரில் இருக்கும் மகள் வீடியோவில் வந்து, செவிடு அம்மாவுக்குத்தான் என்பதுபோல் "சாப்ட்டியாம்மா" என்று உரக்கக் கேட்பாள். அவள் தலையாட்டுவாள். தலையாட்டிய பிறகு பேச வேறென்ன இருக்கிறது? மத்தியானங்களில் அவள் கீழே இருக்கும் கண்ணாடிக் கடைக்குப் போய் உட்கார்ந்திருப்பாள். கடைக்காரம்மா நாள் முழுக்கக் கண்ணாடி அறுப்பவள். அறுக்கும்போது மூச்சுகூடச் சத்தமாக விடமாட்டாள். அங்கே பேசாமல் இருந்தால் யாருக்கும் அது குறையாகத் தெரியாது.

அவர் மத்தியானம் வந்து, அவள் இல்லாவிட்டால், கண்ணாடிக் கடையில் இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டுப் போவார்.

வீட்டில் கூடத்துக்கும் பின்னறைக்கும் நடுவே சுவர் கிடையாது, பலகைத் தடுப்புதான். இடித்த பழைய வீடு ஒன்றிலிருந்து நல்ல பலகை மலிவாகக் கிடைத்தது என்று அவரே வாங்கிவந்து அடித்தது. கொஞ்ச நாளாக அதன் அடியில் மாவு மாதிரி மரத்தூள் விழுந்துகொண்டிருந்தது. வைத்தியர் வீட்டிலேயே நோயாளி என்றால் ஊர் சிரிக்காதா? நேரம் கிடைத்தபோதெல்லாம் அவர் ஸ்க்ரூடிரைவர் பிடியால் பலகையைத் தட்டி, காதை வைத்து, காத்திருந்து பார்த்தார். பதில் வரவில்லை. பின்னறையில் துணி மடித்தபடி அவள் அந்தத் தட்டுகளைக் கேட்பாள். தட்டிவிட்டு எவ்வளவு பொறுமையாகக் காத்திருக்கிறார் என்பதையும் கவனித்தாள். கவனித்து எரிச்சல்பட்டாள், உள்ளதைச் சொல்ல வேண்டுமே.

ஒருநாள் காலை, அவர் வேலைக்குப் போன பிறகு, பின்னறைப் பரணிலிருந்து போர்வையை எடுக்க ஸ்டூலில் ஏறினாள். ஸ்டூலின் ஒரு கால் எப்போதும் ஆடும். ஆடும் என்று தெரிந்தேதான் ஏறினாள். விழுந்தது தடுப்புப் பலகைக்கும் மரப்பெட்டிக்கும் நடுவே இருந்த சந்தில். இடுப்பில் ஏதோ முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. இடது கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. வலது கை பெட்டியின் விளிம்பில் சிக்கி, விரல்கள் மட்டும் பலகையைத் தொட்டன. கத்தினாள், டியூபில் காற்று இறங்கியது. கீழே கடையில், இன்றைக்கு ஏன் இன்னும் வரவில்லை என்று கடைக்காரம்மா நினைத்திருக்கலாம், நினைத்துவிட்டு அடுத்த கண்ணாடியை எடுத்திருக்கலாம். வலியில் அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. போனால் இப்படியே போய்விடுவேன், சாயங்காலம்வரை யாருக்கும் தெரியாது என்று தெளிவாகவே நினைத்தாள்.

மத்தியானம் பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. வாசலில் அவளுடைய செருப்பு கிடந்தது. தரையில் கிடக்கும் சிட்டிகை மரத்தூள் கண்ணில் படுகிற மனிதர், அந்தச் செருப்பைத் தாண்டித்தான் உள்ளே வந்தார். பாத்திரம் திறந்தார், சாப்பிட உட்கார்ந்தார்.

அவள் விரல் நகங்களால் பலகையைத் தட்டினாள். கையை அசைக்க முடியாததால் தட்டு சின்னதாக, வேகமாக, ஒரு கொத்தாகத்தான் வந்தது. தட்டிவிட்டு மூச்சு வாங்கினாள். மறுபடி தட்டினாள்.

சாப்பிடும் சத்தம் நின்றது. நாற்காலி நகர்ந்தது. பலகையின் அந்தப் பக்கத்திலிருந்து விடுவிடுவென்று ஒரு கொத்து பதில் வந்தது.

கேட்டுவிட்டார் என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அவளும் தட்டினாள். கொஞ்சம் பக்கத்திலிருந்து அவர் தட்டினார். அவள் தட்டினாள். இன்னும் பக்கத்தில் தட்டினார். எழுந்து கதவைச் சுற்றி வருவதற்கு ஏன் இவ்வளவு நேரம் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, காது கேளாதவர்கள் பேசுகிற உரத்த குரலில் அவர் போனில் கூட்டாளியிடம் பேசுவது கேட்டது.

"நம்ம வீட்டுலயேதான்ப்பா. எவ்வளவு நாளா ஒளிஞ்சிருந்துச்சு தெரியுமா? என்னமா பதில் சொல்லுது! இப்படி ஒண்ணு நான் கேட்டதே இல்ல."

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உலகத்தில் வேறு எந்தப் புருஷனாக இருந்தாலும், பலகைக்குப் பின்னால் தட்டுகிற சத்தம் கேட்டால், யாரது என்று எட்டிப் பார்த்திருப்பான். இவள் வாழ்க்கைப்பட்டது கரையான்காரருக்கு.

அவர் தரையில் உட்கார்ந்தார். ஸ்டெதஸ்கோப்பின் தலை பலகையில் பதிவது அவள் விரலுக்கு நேர் எதிரே கேட்டது. நடுவில் ஒரு பலகைதான். "என்னங்க," என்றாள். "என்னங்க, நான்தாங்க." ஒரு சாண் தூரத்தில் அவர் மூச்சு விடுவதுகூட அவளுக்குக் கேட்டது, அவள் கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி நகத்தால் தட்டினாள், இந்தத் தடவை தாறுமாறாக, அவசரமாக.

"இரு, இரு," என்றார் அவர். குரல் தணிந்திருந்தது. "அவசரப்படாத. நான் எங்கயும் போகல. இங்கதான் உக்காந்திருக்கேன்."

இந்த வார்த்தைகளைத்தான் அவள் ஆபரேஷன் முடிந்து கண் விழித்த நாளிலிருந்து எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். உடம்பு முழுக்க வலியோடு, கன்னம் தரையில் அழுந்திக் கிடந்த நிலையில், அவை அவளுக்குக் கிடைத்தன. அவளுக்கு இல்லை, வண்டுக்கு. இத்தனை வருஷத்தில் அவர் அவளுக்கு இப்படிக் காது கொடுத்ததில்லை, இப்படிக் காத்திருந்ததில்லை. வெட்கமாக இருந்தது, வெட்கத்தோடு ஒரு கெட்ட ஆசையும் வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் வண்டாகவே இருந்துவிட்டால் என்ன? அவர் தட்டினார். அவள் பதமாக, அழகாக, வண்டு தட்டுகிற மாதிரியே தட்டினாள். அவர் சந்தோஷமாக ஏதோ முனகினார். அப்படியே கொஞ்ச நேரம் போயிற்று. அவள் கல்யாண வாழ்க்கையில் அதைவிட நெருக்கமான நேரம் ஒன்றைச் சொல் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது.

பிறகு அவர் எழுந்தார். மருந்தும் மெஷினும் எடுத்துவர வண்டிக்குப் போகிறார் என்று காலடிச் சத்தத்திலேயே தெரிந்தது. பலகையில் துளை போட்டு, ஊசிக்குழாயால் மருந்தை ஏற்றுவார். அது எவ்வளவு சுருக்காகக் கொல்லும் என்று போனில் எத்தனை பேருக்கு அவளே சொல்லியிருக்கிறாள். தன் முகம் எங்கே இருக்கிறது, துளை எங்கே விழும் என்று யோசித்தாள். பயத்தில் புத்தி வேலை செய்தது. வண்டு செய்வதையே செய்துகொண்டிருந்தால் வண்டாகத்தான் சாக வேண்டும். வண்டு செய்யவே செய்யாத ஒன்று என்ன?

மெஷின் அலறியது. பலகை அவள் பற்களிலும் இடுப்பிலும் அதிர்ந்தது. வலி உச்சந்தலைக்கு ஏறியது. காதுக்குச் சற்று மேலே மரம் பிளந்து, துளைக்கும் கம்பியின் நுனி சுழன்றபடி வெளியே வந்தது. சூடான மரத்தூள் அவள் கன்னத்தில் கொட்டியது. கம்பி பின்வாங்கியது, மெஷின் நின்றது.

நின்ற அந்தக் கணமே அவள் தட்டினாள்.

அந்தப் பக்கம் அசைவே இல்லை. அவள் மறுபடி தட்டினாள். கொத்துக் கொத்தாக இல்லை. இடைவிடாமல், நகம் பிய்ந்தும் நிறுத்தாமல் தட்டினாள். மரம் அதிர்ந்தபின் எந்தப் பூச்சியும் வாய் திறக்காது. இது உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும்.

"இல்லையே," என்று அவர் சொல்வது கேட்டது. ஏதோ கீழே விழுந்து உருண்டது.

கதவைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார். வந்தவர் முதலில் பார்த்தது அவளை அல்ல, பலகையை. துளையைப் பார்த்தார், துளைக்குக் கீழே பார்த்தார், ரத்தம் கசியும் விரல்களைப் பார்த்தார், விரல்களிலிருந்து கை வழியாக முகத்துக்கு வந்து சேர்ந்தார்.

"நீயா," என்றார்.

ஆஸ்பத்திரியில் இடுப்பில் கம்பி வைத்தார்கள். இனிமேல் நடக்க உதவும் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குளியலறைவரை நடக்கலாம், மாடிப்படி இறங்க முடியாது என்றார்கள். கண்ணாடிக் கடை அதோடு போயிற்று. அவரைக் குறை சொல்ல முடியாது. குளிப்பாட்டினார், தலை வாரிவிட்டார், கஞ்சி ஆற்றிக் கொடுத்தார். பூச்சி என்று நினைத்துவிட்டேன் என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதார். கொஞ்ச நாளில் சொல்வதை நிறுத்திவிட்டார். கேட்டவர்கள் சிரிப்பை அடக்குவது அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். வெளிவேலையைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டு, மெஷின்களைப் பழுது பார்ப்பதைக் கூடத்திலேயே வைத்துக்கொண்டார்.

அவளுக்குக் குட்டைக்கால் கட்டில் ஒன்றைத் தடுப்புப் பலகையை ஒட்டிப் போட்டார். "ஏதாவது வேணும்னா தட்டு. தட்டினா வந்துடறேன்," என்றார். சொன்னபடி வந்தார். வந்து நின்று அவள் கையைப் பார்ப்பார். தண்ணீரா, மாத்திரையா, எழுப்பி உட்காரவைக்கவா? அவள் உதட்டை அசைப்பாள். அவர் கண்ணைச் சுருக்குவார். "சரி, அப்புறம் சொல்லு," என்பார். தண்ணீர் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

அவள் கேட்க நினைத்தது ஒன்றே ஒன்றுதான். நான் என்று தெரிந்திருந்தால் அப்படி உட்கார்ந்திருப்பீர்களா? எழுதிக் காட்டலாம்தான். எழுதினால் அது மனு மாதிரி ஆகிவிடும். மனுவைப் படித்த மனிதர் ஏதோ ஒரு நல்ல பதிலாகச் சொல்லித்தானே ஆகவேண்டும்? அவளுக்கு நல்ல பதில் வேண்டாம். அவர் காதில் அது விழ வேண்டும், விழுந்ததும் அவர் முகம் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும்.

ஒரு மத்தியானம் எதுவும் வேண்டாமலே சும்மா தட்டினாள். அவர் எழுந்து வரவில்லை, பதிலுக்குத் தட்டினார். அவள் தட்டினாள். அவர் தட்டினார். அதிலிருந்து அது பழக்கமாயிற்று. கூடத்தில் அவர் மெஷினைக் கழற்றிப் போட்டுக்கொண்டு இருப்பார், இங்கே இவள் படுத்திருப்பாள், நடுவில் பலகை. அவர் தட்டும் ஒவ்வொரு தடவையும் அதே பொறுமை, அதே காத்திருப்பு. அறைக்குள் வந்தால்தான் அவர் அந்நியராகிவிடுவார். அதனால் தாகம் எடுத்தால்கூட அவள் வரச் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

துளையை அடைக்க அவர் ஒருநாள் மக்குக் குழைத்துக்கொண்டு வந்தார். வேண்டாம் என்று அவள் கையைக் காட்டினாள். ஏனென்று அவர் கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானம் தட்டும் பதில்தட்டுமாகப் போய்க்கொண்டிருந்தபோது, அவர் நாற்காலியிலிருந்து குனிந்து, பலகையில் துளைக்குப் பக்கமாகக் காதை வைக்கும் சத்தம் கேட்டது. அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பை மேலே இழுத்தாள். துளையில் வாயை வைத்தாள்.

"நான்னு தெரிஞ்சிருந்தா அப்படி உக்காந்திருப்பீங்களா?"

இருந்த மூச்சையெல்லாம் போட்டுக் கேட்டாள். துளை வழியாகப் பார்த்தாள். நரைத்த முடியும் காது மடலும் தெரிந்தன. காது அசையவில்லை.

பிறகு விடுவிடுவென்று ஒரு கொத்து தட்டு வந்தது.

அவள் படுக்கையில் சரிந்து, விரல்களை மடக்கி நெஞ்சில் வைத்துக்கொண்டாள். அவர் காத்திருந்தார். மறுபடி தட்டினார். காத்திருந்தார். அவள் மேலே கூரையைப் பார்த்தபடி கிடந்தாள்.

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பதில் வராவிட்டால் வண்டு நடையைக் கட்டிவிடும். அவள் அவசரமாகக் கையை நீட்டிப் பலகையைத் தட்டினாள்.